லாடம் எறியும் ஆட்டம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பூங்காக்களுக்குப் பிக்னிக் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். ஊஞ்சல், கிரில் அடுப்பு எல்லாம் தாண்டி ஓர் ஓரத்தில் இரண்டு மண்குழிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் கம்பி நட்டிருக்கும். நம் ஆட்கள் அதன் பக்கத்தில் கூலரை இறக்கி வைத்துவிட்டு வாலிபால் ஆடப் போய்விடுவார்கள். நான் மட்டும் அங்கே நின்று லாடம் எறிந்துகொண்டிருப்பதைப் பார்த்து யாராவது பக்கத்தில் வந்து விசாரிப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வாசல்ல அடிப்பாங்களே, அதே லாடம்தானா இது?

வடிவம் அதேதான், பொருள் வேறு. குதிரைக்கு அடிக்கும் லாடம் இதைவிட இலேசானது, சிறியது. எறியும் லாடம் இந்த ஆட்டத்துக்காகவே செய்யப்படுவது. எந்தக் குதிரையின் காலையும் அது பார்த்ததில்லை. எடை அதிகபட்சம் 2 பவுண்டு 10 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 1.2 கிலோ. அகலம் 7¼ அங்குலம் வரை. திறந்த வாய்ப்பக்கம் 3½ அங்குலம். வாயின் இரு முனைகளிலும் உள்நோக்கி வளைந்த சிறு கொக்கி இருக்கும். அந்தக் கொக்கிக்கு என்ன வேலை என்பதைச் சுழற்சி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

தோஷம் கழியுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்து இது கழிக்கும் தோஷம் ஒன்றே ஒன்று: மாலை முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

ஆட்டம்னா என்ன, சும்மா கம்பியைப் பார்த்து எறியறதுதானா?

ஆமாம், அவ்வளவுதான். இரண்டு கம்பிகளுக்கும் இடையே 40 அடி தூரம். கம்பி ஓர் அங்குலத் தடிமன்; மண்ணுக்கு மேலே 14, 15 அங்குலம் நிற்கும்; எதிர்க் கம்பியை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். ஆடும் இருவரும் ஒரே முனையில் நின்று ஆளுக்கு இரண்டு லாடம் எறிய வேண்டும். நான்கும் விழுந்தபின் இருவரும் சேர்ந்தே அந்தப் பக்கம் நடந்துபோய், புள்ளி பார்த்து, அங்கிருந்து திருப்பி எறிவார்கள். நான்கு லாடம் சேர்ந்தது ஓர் இன்னிங்ஸ். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி எதிர் முனையில் நிற்பதால் நடை மிச்சம்.

பெண்களும், இளையோரும், 70 வயதைத் தாண்டியவர்களும் 30 அடியிலிருந்து எறியலாம். இந்த ஒரு விதியால்தான் பத்து வயதுப் பேரனும் எழுபத்தைந்து வயதுத் தாத்தாவும் ஒரே குழியில் நின்று ஆட முடிகிறது.

புள்ளி எப்படிக் கணக்குப் போடறீங்க?

லாடம் கம்பியை முழுதாகச் சூழ்ந்து விழுந்தால் அது ரிங்கர், 3 புள்ளி. சந்தேகம் வந்தால் லாடத்தின் இரு முனைகளையும் தொடும்படி ஒரு நேர்ச்சட்டத்தை வைப்பார்கள். சட்டம் கம்பியில் இடிக்காவிட்டால் ரிங்கர். மாட்டாமல் கம்பியிலிருந்து 6 அங்குலத்துக்குள் கிடந்தால் 1 புள்ளி. அதற்கு மேல் தள்ளி விழுந்தால் ஒன்றுமில்லை. கம்பியில் சாய்ந்து நிற்கும் லாடத்துக்கு வீட்டுத் தோட்டங்களில் 2 புள்ளி கொடுப்பார்கள். தேசிய லாடம் எறிவோர் சங்கத்தின் விதிப்படி அதற்கும் 1 தான்.

இனிமேல்தான் விஷயமே. இரு தரப்பு ரிங்கர்களும் ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும். நான் இரண்டும் மாட்டி, நீங்கள் ஒன்று மாட்டினால், எனக்கு 6 கிடையாது, 3 தான். நீங்களும் இரண்டு மாட்டினால் இருவருக்கும் பூஜ்யம். அதை நான்கும் செத்தது என்பார்கள். முதலில் 40 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார். பழைய காலத்தில் இது 50 ஆக இருந்தது. வீட்டில் ஆடுபவர்கள் 21-ல் நிறுத்திக்கொள்வார்கள்.

அப்போ ரெண்டு பேரும் நல்லா ஆடினா யாருக்கும் புள்ளியே வராதே?

இதைக் கேட்பவருக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்கு மூன்று மாட்டும் இருவர் மோதினால், நான்கும் செத்துப்போவது நூறு இன்னிங்ஸில் ஒன்றுகூட வராது. பத்துக்கு ஏழு மாட்டுபவர்கள் என்றால் நூறில் 24. பத்துக்கு ஒன்பது என்றால் நூறில் 65-க்கும் மேல். அதாவது உச்சத்தில் இருக்கும் இருவர் ஆடும்போது மூன்றில் இரண்டு இன்னிங்ஸ் வெறும் சத்தம்தான், பலகையில் எண் நகராது. ஒரே ஒரு லாடம் தவறுவதற்காக இருவரும் காத்துக்கொண்டிருப்பார்கள்.

பார்ப்பவர்களுக்குச் சலிக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் காத்திருப்புதான் ஆட்டம். நேரம் இல்லாத லீக்குகளில் வேறு முறை உண்டு: ஆளுக்கு இத்தனை லாடம் என்று எண்ணி எறிந்து, கழிக்காமல் எல்லாப் புள்ளியையும் கூட்டிவிடுவார்கள். விரைவாக முடியும், ஆனால் எதிராளி எறிவதை நாம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

உண்மையைச் சொல்லுங்க, இதுல பாதி அதிர்ஷ்டம்தானே?

முதல் நாள் எறிபவருக்கு முழுவதும் அதிர்ஷ்டம்தான். ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வாராவாரம் ஆடுபவர் பத்துக்கு மூன்று, நான்கு மாட்டத் தொடங்குவார். ஓஹாயோவின் டிஃபையன்ஸ் ஊரில் வாழும் ஆலன் பிரான்சிஸ் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் பல ஆண்டுகள் ஆடியவர். உலகப் பட்டத்தை 20 தடவைக்கு மேல் வென்றிருக்கிறார். 40 அடி தள்ளி, ஓர் அங்குலக் கம்பியில், 3½ அங்குல வாயை, நூற்றுக்குத் தொண்ணூறு தடவை மாட்டுவது அதிர்ஷ்டம் என்றால், அந்த அதிர்ஷ்டத்தைத் தினமும் பயிற்சி செய்து வரவழைத்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரோமானியர்கள் காலத்து ஆட்டம்னு நெட்ல போட்டிருக்கே, நிஜமா?

ரோமானியச் சிப்பாய்கள் லாடத்தை வளைத்து எறிந்தார்கள் என்ற கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் மெலிசு. உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பிரிட்டனில் இரும்பு வளையம் எறியும் காய்ட்ஸ் என்ற ஆட்டம் இதற்கு உறவுக்காரன், அமெரிக்காவில் லாயமும் கொல்லுப்பட்டறையும் இருந்த ஊரிலெல்லாம் பழைய லாடத்தை எறிந்து ஆடினார்கள்.

எழுதப்பட்ட வரலாறு 20-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1909-ல் கான்சாஸ் மாநிலத்தின் பிரான்சன் என்ற சிற்றூரில் உலகப் பட்டம் என்ற பெயரில் முதல் போட்டி நடந்தது. அயோவாவின் கெல்லர்டன் ஊரைச் சேர்ந்த பிராங்க் ஜாக்சன் ஜெயித்தார். ஊருக்கு ஊர் விதி மாறிக்கொண்டிருந்ததால், 1914-ல் கான்சாஸ் நகரத்தில் ஒரு சங்கம் கூடிப் பொதுவிதி வகுத்தது. இன்றைக்கும் இயங்கும் தேசிய லாடம் எறிவோர் சங்கம் 1921-ல் ஓஹாயோவில் பதிவானது. ஆரம்பத்தில் கம்பி மண்ணுக்கு மேல் சில அங்குலம்தான் எட்டிப் பார்த்தது. எறிபவர்கள் தேறத் தேற அதை உயர்த்திக்கொண்டே போனார்கள்.

டெட் ஆலன், டெட் ஆலன்னு சொல்றீங்களே, யார் அவர்?

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரத்துக்காரர். 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது அங்கே உலகப் பட்டம் வென்றார். கடைசிப் பட்டம் 1959-ல். மொத்தம் 10. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 26 ஆண்டுகள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முப்பதுகளின் பிற்பாதியில் உலகப் போட்டியே நடக்கவில்லை, இரண்டாம் உலகப் போரின்போதும் நின்றுபோனது. ஒரு விளையாட்டு வீரரின் நல்ல வயது என்று சொல்வோமே, அதில் பாதி அவருக்கு இப்படிப் போட்டியே இல்லாமல் கழிந்தது. அப்படியிருந்தும் 10.

அவர் பெயரில் இன்னொரு எண்ணும் உண்டு: ஒரே ஆட்டத்தில் தொடர்ந்து 72 ரிங்கர். அதாவது 36 இன்னிங்ஸ் ஒரு லாடம்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு எறியிலும் பத்துக்கு ஒன்பது உறுதி உள்ளவர்கூட, எண்ண ஆரம்பித்த இடத்திலிருந்து 72-ஐயும் மாட்டுவதற்கு ஏறத்தாழ 2,000-ல் ஒரு வாய்ப்புதான். எதிரே நிற்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் ஒவ்வொரு முறையும் இரண்டும் மாட்டினால் பூஜ்யம். ஒன்று தவறினால் 3 புள்ளி கையை விட்டுப் போகும்.

ஆனால் அவரைப் பற்றி நான் அடிக்கடி பேசுவதற்குக் காரணம் பட்டங்கள் அல்ல. பட்டம் வாங்காத நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான்.

பட்டம் வாங்காத நாள்ல என்ன செஞ்சார்?

ஊர் ஊராகப் போய் ஆட்டத்தைக் காட்டினார். சந்தைகள், ரோடியோ மைதானங்கள் என்று கூட்டம் எங்கே சேருமோ அங்கே லாட வித்தை காட்டி, ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். தன் பெயரிலேயே லாடம் செய்து விற்றார். ஆலன் லாடம் என்று கேட்டால் பழைய ஆட்டக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கையால் எறிந்து, தானே விற்று, தானே விளம்பரமும் செய்துகொண்ட வாழ்க்கை.

அந்தத் தலைமுறையில் இப்படிப் பலர் இருந்தார்கள். பிராங்க் ஜாக்சனே ஊர் சுற்றி ஆடிக் காட்டியவர்தான். அயோவாவின் பட் மாஸ்மன் 1920-களில் உலகப் பட்டம் வென்றுவிட்டு, லாட வித்தையோடு மோட்டார் சைக்கிள் சாகசத்தையும் சேர்த்துக்கொண்டு வெளிநாடுகளுக்கும் போனவர். டிவி இல்லாத காலத்தில் ஒரு ஆட்டம் பரவ வேண்டுமென்றால் யாராவது அதைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தது. பெரிய முதலாளியோ கம்பெனியோ பின்னால் இல்லை. கிரிக்கெட், பேஸ்பால் போல இதற்கு டிக்கெட் வருமானமும் கிடையாது. லாடம் எறிதல் இன்றும் இருப்பதற்குச் சங்கத்தைவிட இந்த மனிதர்கள்தான் காரணம் என்பது என் கட்சி. சங்கக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதுல காசு வருமா?

வராது. உலகப் பட்டத்துக்கே பரிசு சில ஆயிரம் டாலர் அளவில்தான் இருந்திருக்கிறது. மேலே சொன்ன ஆலன் பிரான்சிஸ் இத்தனை பட்டத்துக்குப் பிறகும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இதை நம்பி யாரும் வேலையை விட வேண்டாம்.

லாடம் காத்துல சுத்திக்கிட்டே போகுதே, நேரா எறியக் கூடாதா?

எறியலாம், மாட்டாது. லாடத்துக்கு ஒரு பக்கம்தான் வாய். கம்பியை எட்டும் கணத்தில் அந்த வாய் கம்பியைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். சுழலாமல் விட்டால் லாடம் காற்றில் தள்ளாடி, எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தட்டையாகப் பிடித்து, மெதுவாக, கணக்காகச் சுழலவிட வேண்டும். 40 அடி பறப்பதற்குள் ஒன்றேகால் சுற்று, அல்லது ஒன்றேமுக்கால் சுற்று. இவை இரண்டும்தான் அதிகம் பேர் எறிவது. ஆலன் பிரான்சிஸ் எதிர்த்திசையில் முக்கால் சுற்று மட்டும் விடுவார். பிடிக்கும் இடம் சுற்றுக்கு ஏற்ப மாறும்: லாடத்தின் ஒரு பக்கக் காலை, கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாகப் பிடிப்பது பொதுவான முறை.

இந்த ஆட்டத்தின் கஷ்டமே இங்கேதான். கேரம் போர்டில் காய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் குழியில் விழுந்தால் சரி. இங்கே குறியும் சரியாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் சுற்றும் சரியாக முடிந்திருக்க வேண்டும். குறி தப்பாமல் போய், வாய் மூடிய நிலையில் கம்பியில் மோதினால் ‘டங்’ என்ற சத்தத்தோடு மூன்றடி தள்ளிப் போய் விழும். நெட்டில் வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் குறியை மட்டும் பார்க்கிறார்கள். சரியாகத் திறந்து வந்த லாடம் கம்பியை உள்ளே விட்டுக்கொள்ளும். முன்னே நழுவ முயலும்போது முனைக் கொக்கி கம்பியைப் பிடித்து நிறுத்தும். அந்தக் கொக்கிக்கு அதுதான் வேலை.

1920-ல் ஓஹாயோவின் அக்ரானைச் சேர்ந்த ஜார்ஜ் மே இப்படித் திறந்த வாயோடு இறக்கும் எறியை வைத்துப் பட்டம் வென்ற பிறகு, மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள்.

எங்க பையன் குட்டிக்கரணம் போடற மாதிரி எறியறான், ஆனா மாட்டுதே?

மாட்டும். லாடத்தின் வளைவைப் பிடித்துத் தலைகீழாகப் புரளவிடும் எறியும் விதிப்படி சரிதான். சிறு கைகளுக்கு அது எளிது, தொடங்குபவர்களுக்கு நானும் அதையே காட்டுவேன். கம்பியில் பட்டுத் துள்ளுவது சற்று அதிகம். 30 அடியில் அது பெரிய குறையாகத் தெரியாது. 40 அடிக்குப் போகும்போது பையனே மாற்றிக்கொள்வான்.

இதற்கு நேர் எதிரான கஷ்டமும் உண்டு. 70 வயதானதும் 30 அடிக்கு வருபவர்களுக்கு ஆட்டம் எளிதாகிவிடும் என்று நினைப்போம். ஆனால் 40 அடிக்குப் பழகிய சுற்று 30 அடியில் முடியாது. ஐம்பது வருடக் கைப்பழக்கத்தைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

பவுலிங் சாம்பியன் ஒருத்தரும் இதுல சாம்பியனாமே?

வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர். கலிபோர்னியாக்காரர், இயற்பியல் பட்டதாரி. லாடத்தில் 6 உலகப் பட்டம், முதலாவது 1978-ல். அமெரிக்கத் தொழில்முறை பவுலிங்கில் 47 பட்டங்கள், அது ஒரு சாதனை. சிறுவனாக லாடம் எறியும்போதே குறி தவறாதவன் என்ற பட்டப்பெயர் வந்துவிட்டது. இரண்டு ஆட்டமும் கையைத் தாழ்த்தி வீசுவதுதானே என்று கேட்பார்கள். கையின் வீச்சு ஒத்துப்போகும், அவ்வளவுதான். பவுலிங்கில் பந்து எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் பந்துதான். லாடத்துக்கு வாய் இருக்கிறது.

வெள்ளை மாளிகையில லாடக் குழி இருந்ததாமே?

ஆமாம். அதிபர் ட்ரூமன் ஆடினார். பிற்காலத்தில் மூத்த ஜார்ஜ் புஷ் 1989-ல் புதிதாகக் குழி போட்டு, மாளிகை ஊழியர்களோடு போட்டியே நடத்தினார். ஆட்டத்துக்கு அது நல்ல விளம்பரம்.

உலகப் போட்டின்னு சொல்றாங்க, உலகமா ஆடுது?

நேர்மையாகச் சொன்னால் அமெரிக்காவும் கனடாவும்தான். கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த எல்மர் ஹோல் 6 பட்டம் வென்றவர். எட்டுப் பட்டம் வென்ற பெர்னாண்டோ இசாயிஸ் மெக்சிகோவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். மற்ற நாடுகளிலிருந்து விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வருவார்கள்.

பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. மிசூரி மாநிலத்தின் விக்கி சாப்பல் வின்ஸ்டன் 10 உலகப் பட்டம் வென்றவர், டெட் ஆலன் எண்ணிக்கைக்குச் சமம். அவர் பெயரை நான் சொன்னதும் யாரும் ‘யார் அவர்?’ என்று மேலே கேட்டதில்லை. கேட்கலாம்.

அந்த உலகப் போட்டியில நான் கலந்துக்க முடியுமா, சும்மா கேக்கறேன்?

சும்மா கேட்டாலும் பதில் ஆம். சங்க உறுப்பினராகி, அங்கீகரித்த போட்டிகளில் ஆடி, உங்கள் ரிங்கர் சதவீதம் பதிவாகியிருந்தால் பெயர் கொடுக்கலாம். சதவீதத்தை வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். பத்துக்கு இரண்டு மாட்டுபவர் அதே அளவு மாட்டுபவர்களோடுதான் மோதுவார். பக்கத்துக் குழியில் உலகச் சாம்பியன் எறிந்துகொண்டிருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வேறு வேறு ஊரில் நடக்கும். நம்மூர் ரஞ்சி மைதானத்தில்கூடத் தெருக் கிரிக்கெட்காரனை விடமாட்டார்கள். இந்த விஷயத்தில் லாடக்காரர்கள் தாராளம்.

என் லாடத்தை எதிராளி லாடம் தட்டி, என்னுது போய்க் கம்பியில மாட்டிக்கிச்சு. புள்ளி யாருக்கு?

உங்களுக்கு. நான்கும் விழுந்து முடிந்தபின் எது எங்கே கிடக்கிறதோ அதுதான் கணக்கு. உங்கள் ரிங்கரை அவர் லாடம் கழற்றிவிட்டாலும் புலம்ப முடியாது. அளந்து பார்க்கும் முன் யாரும் லாடத்தைத் தொடக் கூடாது என்பது இதனால்தான். இருவர் லாடமும் கம்பிக்குச் சம தூரத்தில் கிடந்தால் ரிங்கர் போலவே அவையும் கழிந்துவிடும்.

குழிக்கு வெளியே விழுந்து, உருண்டு வந்து மாட்டினா ரிங்கர்தானே?

இல்லை. முதலில் வெளியே தரையிலோ, சுற்றுச் சட்டத்திலோ, பின்பலகையிலோ பட்ட லாடம் செத்த லாடம். அப்புறம் அது எவ்வளவு அழகாக மாட்டினாலும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டியதுதான். பிக்னிக் சண்டைகளில் பாதி இந்த விதியில்தான் தொடங்கும்; ஆடத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எறியும்போதே லாடம் கம்பியில் பட்டு உடைந்துவிட்டால் மட்டும் மறுபடி எறியலாம்.

வீட்டுப் பின்னாடி குழி போடலாமா? மணல் போதுமா?

மணல் போட்டால் ஆடலாம், ஆனால் லாடம் சறுக்கும். நன்றாக எறிந்த லாடம் விலகிப் போகும், மோசமாக எறிந்த லாடம் சறுக்கி உள்ளே வரும். போட்டிக் குழிகளில் களிமண்தான். பிசைந்த மாவுப் பதத்தில் ஈரமாக வைத்திருந்தால் லாடம் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் கல்லாகி, லாடம் எகிறும். தண்ணீர் தெளித்து, கிளறி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைப்பது தினப்படி வேலை. அந்த வேலைக்கு அஞ்சி நானும் பூங்காவிலேயே ஆடுகிறேன்.

போடுவதென்றால் குழிக்குப் பின்னால் கனமான பலகை அடியுங்கள். பக்கத்து வீட்டு வேலியும் நடைபாதையும் எறியும் திசையில் இருக்கக் கூடாது. ஒரு கிலோவுக்கு மேல் இரும்பு காற்றில் வருகிறது, கம்பியில் பட்டால் எந்தப் பக்கமும் தெறிக்கும். நான்கு லாடமும் விழுந்து ஓயும்வரை சின்னப் பிள்ளைகளை எதிர் முனைப் பக்கம் விடாதீர்கள். மலிவான வார்ப்பு லாடம் விளிம்பில் பிசிறு விட்டுக் கையைக் கிழிக்கும். அரம் போட்டுத் தேய்த்துவிட்டு ஆடுங்கள்.